கேம் இஞ்ஞாசி சொன்ன தடை

என் தாய்மாமன் இஞ்ஞாசிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான். அது மனிதன் இல்லை, பார்சல். பழுப்பு அட்டைப்பெட்டியில் டேப் சுற்றி, பைக்கில் வருகிறவர் நம் பேரைத் தப்பாகக் கூப்பிட்டு வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போவாரே, அந்தப் பார்சல். தெருவில் யார் கையிலாவது அதைப் பார்த்துவிட்டால் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரணம் இல்லாமல் இல்லை. மாமா தூத்துக்குடியில் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் கப்பலில் சமையற்காரராகப் போனவர், சிங்கப்பூரில் இறங்கும்போதெல்லாம் கேம் கேசட்டுகளை வாங்கி வந்து இங்கே விற்றார். கேசட்டில் வந்த லாபம் சம்பளத்தைத் தாண்டியதும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கடை போட்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் கேம் இஞ்ஞாசி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையையே கட்டிக்கொண்டார் என்று அம்மா சொல்வாள், பாராட்டாகச் சொல்வதில்லை.

கடையில் கண்ணாடி அலமாரி நிறைய டிஸ்க்குகள், ஒரு பெரிய டிவி, அதற்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். யார் வந்தாலும் உட்கார்ந்து விளையாடிப் பார்க்கலாம், காசு கிடையாது. "மீனையே செவுளத் தூக்கிப் பாத்துத்தான வாங்குதோம்? கேமை மட்டும் பாக்காம எப்படி வாங்குவ?" என்பார். அந்த நியாயத்தை ஊர்க்காரர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். வருவார்கள், ஒரு மணி நேரம் விளையாடுவார்கள், மாமாவிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அட்டையைத் திருப்பிப் போனில் ஒரு படம் எடுப்பார்கள், "யோசிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி" என்பார்கள். படி இறங்கும்போதே ஆன்லைனில் ஆர்டர் போட்டிருப்பார்கள்.

இந்தக் கோபத்தில் மாமா ஸ்மார்ட்போனையே கையால் தொடுவதில்லை. கேம் கடைக்காரர் கையில் பட்டன் போன். ஸ்கேன் பண்ணிக் காசு போடுகிற அட்டைகூடக் கடையில் கிடையாது. "காசுன்னா கைக்கு வரணும். போனுக்குள்ள வந்த காச நான் எப்படி எண்ணிப் பாப்பேன்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் யாரும் இல்லை.

மாமாவுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். போன மாதம் ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"ஏளா அனுஜா, இன்னைக்கு ஒரு புள்ள கடைக்கு வந்தான். கேமப் பத்திப் பேசுதான் பாரு, அப்படிப் பேசுதான். நம்ம ஊர்ல இப்படி ஒருத்தன் இருக்கான்னே எனக்குத் தெரியாது."

அடுத்த நாளும் அவன் புராணம்தான். அவன் இந்தக் கேமில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டான், மாமா எப்படி வழி சொன்னார், அவன் எப்படிக் கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்கு மட்டும் பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாமா யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

"பேரு என்னண்ணே?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டாள்.

"பேரெல்லாம் கேக்கக் கூடாது. பேரு தெரிஞ்சா சொந்தமாயிரும். சொந்தமானா விலை கொறைக்கணும்."

பிறகு ஒரு நாள் மாமா வந்தார், கையைக் கழுவினார், சோற்றைப் பார்த்தார், எழுந்துவிட்டார். இலையில் சீலா மீன் குழம்பு. அதை விட்டு எழுந்தால் கடையில் தீப்பிடித்திருக்க வேண்டும் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம்.

நடந்தது இதுதான். முந்தின நாள் டெலிவரிக்காரர் கடைக்கு வந்திருக்கிறார். ஒரு பெண் பேருக்குப் பார்சல், போன் எடுக்கவில்லை, விலாசத்தில் அடையாளத்துக்கு மாமாவின் கடைப் பேர்தான் போட்டிருக்கிறது, கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்றிருக்கிறார். யாரோ பொம்பளைப் பிள்ளை, பாவம் என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தார். சாயங்காலம் அந்த அருமைக் கஸ்டமர் வந்து, "அண்ணாச்சி, எங்க அக்கா பேர்ல ஒரு பார்சல் வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறான். மாமாவிடமே கத்தரிக்கோல் வாங்கி, மாமாவின் மேசையிலேயே வைத்துப் பிரித்தான். உள்ளே அவன் ஒரு வாரமாக மாமாவின் டிவியில் விளையாடிப் பார்த்த அதே கேம்.

"பிரிச்சிட்டு என்ன கேட்டான் தெரியுமாளா? டிஸ்க்குல கீறல் இருக்கான்னு ஒங்க டிவியில போட்டுப் பாத்துரலாமா அண்ணாச்சின்னு கேக்கான்."

"போட்டீங்களா?"

"போட்டேம்ளா. பழகுன கை, அதுபாட்டுக்குப் போட்டுட்டு." மாமா தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா ஓடிச்சி. அதுக்கப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சி. இனிமே இந்தப் படியில கால வச்ச, கால ஒடிச்சிருவேன்னு சொல்லி வெரட்டிவிட்டேன்."

நானும் மாமாவோடு சேர்ந்து அவனைத் திட்டினேன். எனக்குப் பொறுமை கிடையாது, திட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடுகிற ஆளும் இல்லை. அவன் விளங்கவே மாட்டான், அவனைக் கட்டுகிறவள் பாடு திண்டாட்டம்தான் என்றுகூடச் சொன்னேன்.

எனக்கே அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை ஜெமி, சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீசியன். நிச்சயம் பண்ணிய அன்று அவர் எங்கோ நடுக்கடலில் இருந்தார், வீடியோ காலில்தான் தலையைக் காட்டினார். எல்லாரும் போனை வாங்கி வாங்கிப் பேசினார்கள். மாமா மட்டும் வாங்கவில்லை. "போனுக்குள்ள இருக்கவனுக்கெல்லாம் நான் வணக்கம் சொல்ல முடியாது. நேர்ல வரட்டும்" என்றுவிட்டார். அவர் பார்த்தது ஒரே ஒரு போட்டோதான். அதில் ஜெமி தாடியும் ஹெல்மெட்டுமாகக் கப்பல் உடையில் நின்றார். ஊருக்கு வந்ததும் தாடியை எடுத்துவிட்டார். இப்போது அந்த ஆளும் இந்த ஆளும் ஒன்றென்று பெற்ற தாயே சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

பார்சல் சண்டைக்கு முன்னாலேயே, லீவில் வந்து இறங்கிய மறுவாரம் ஜெமியும் அவர் வீட்டாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று சாயங்காலம் மாமா வரவில்லை, ஒரு கஸ்டமர் வருவான், விட்டுவிட்டு வர முடியாது என்றார். அம்மாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி. விளையாட்டுச் சாமான் விற்கிறவர் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று, "எங்க அண்ணன் எலெக்ட்ரானிக்ஸ் கடை வச்சிருக்காவ" என்று சொல்லி வைத்திருந்தாள். ஜெமியின் அம்மாவும் சளைத்தவர் இல்லை. மகன் கப்பலில் ஓய்வு நேரமெல்லாம் ஜெபப் புத்தகமும் கையுமாக இருப்பான் என்றார். நான் நம்பினேன், ஒருவனைப் பிடித்துவிட்டால் எதையும் நம்பலாம் போலிருக்கிறது.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்யப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் மைக்கில் சொல்வார். கேட்கிறவர்கள் யாரும் அந்தக் கடமையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெண் வீடு எது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதோடு சரி.

எங்கள் முதல் ஓலையை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து கோவில் வாசலில் ஜெமி தன் அக்கா ஜெனிஸோடு நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா கழுத்து வியர்வையை லேஞ்சியால் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மா பெருமையோடு, "அண்ணே, இதான் நம்ம மாப்பிள்ளை" என்றாள்.

மாமா பார்த்தார். ஜெமியும் பார்த்தார். ஜெமியின் வலது கால் தானாகப் பின்னால் போனது. அந்தக் காலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, காலை ஒடிப்பேன் என்று யாரை மாமா சொன்னார் என்று.

மாமா திரும்பி நேராகப் பங்கு அலுவலகத்துக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். நாங்கள் வராந்தாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெர்சி சாமியார் முன்னால் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, இப்ப வாசிச்ச ஓலைக்குத் தடை இருக்கு."

பெர்சி சாமியார் இளவயதுக்காரர். ஓலை வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் அவரிடம் இப்படி வந்து நின்றதில்லை. முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல சாமி."

"வேற எந்தப் பிள்ளைக்காவது வாக்குக் குடுத்திருக்காரா?"

"அது எனக்குத் தெரியாது."

"ரத்த உறவா?"

"சேச்சே."

"பின்ன என்னதான் தடை?"

"என் கடையில விளையாடிப் பாத்துட்டு ஆன்லைன்ல வாங்குதான் சாமி."

சாமியார் கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

"சிரிக்காதீங்க சாமி. தடை தெரிஞ்சவன் சொல்லணும்னு மைக்குல சொன்னது நீங்க. ஒருத்தன் கடையில உக்காந்து, அவன் வாங்கிக் குடுத்த டீயக் குடிச்சி, அவன் தலைக்குள்ள இருக்க யோசனையெல்லாம் உருவிக்கிட்டு, கடைசியில மொகந்தெரியாத எவன்ட்டயோ போயி வாங்குதவனுக்கு நான் எப்படிச் சாமி பொண்ணக் குடுப்பேன்? நாளைக்கு எங்க பிள்ள ஆக்குனதத் தின்னுட்டு, இதவிட நல்லா வெளியில கெடைக்கான்னு தேடுவாம்லா?"

சாமியார் சிரிப்பை விழுங்கிவிட்டு, திருச்சபைச் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். மாமாவின் கண் மேசைக்கு அடியில் போனது. அங்கே பழுப்பு நிறத்தில் பெரிய, தட்டையான அட்டைப்பெட்டி ஒன்று சாய்ந்திருந்தது. மேலே டேப்.

"அது என்ன சாமி?"

"வாலிபர் சங்கத்துக்குக் கேரம் போர்டு."

"எங்க வாங்குனிய?"

சாமியாருக்குப் பொய் சொல்ல வழியில்லை. "கொஞ்சம் சல்லிசா கெடைச்சதுன்னு…" என்று இழுத்தார்.

"அப்ப நீங்களும் அவன் கட்சிதான்" என்று மாமா எழுந்தார்.

அதற்குப் பிறகு சாமியாரின் பேச்சு எடுபடவில்லை. இது தடையே இல்லை, ஆனாலும் தாய்மாமன் மனக்கசப்போடு இருக்கும்போது அடுத்த ஓலையை வாசிக்க எனக்கு மனசு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே பேசித் தீர்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

அம்மா அதற்கும் ஒருபடி மேலே போனாள். "எங்க அண்ணன் வந்து நிக்காத கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்று அறிவித்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அப்பா சரக்குத் தோணியை ஓட்டுகிற தண்டல், வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போயிருந்தார். ஊரில் இருந்தாலும் எங்கள் வீட்டில் முடிவெடுப்பது மாமாதான். அடுத்த ஓலை தள்ளிப்போனால் கல்யாணத் தேதி தள்ளிப்போகும். தேதி தள்ளிப்போனால் ஜெமி கப்பலேறிவிடுவார், இனி அடுத்த லீவில்தான். அதற்குள் இரண்டு வீட்டிலும் யார் யார் என்னென்ன பேசுவார்களோ! ஒரு டிஸ்க்கால் என் கல்யாணம் நின்றுபோகும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதால் முகம் வீங்கும் என்று அழாமல் ஜெமிக்குப் போன் போட்டேன்.

"என்ன செஞ்சி வச்சிருக்கீங்க?"

"அது ஒங்க மாமா கடைன்னு எனக்குத் தெரியாது அனுஜா. எலெக்ட்ரானிக்ஸ் கடைன்னுதான சொன்னீங்க?"

"நீங்க ஜெபப் புத்தகம் வாசிப்பீங்கன்னுதான் ஒங்க அம்மா சொன்னாங்க."

 பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். கப்பலில் நெட் சரியாகக் கிடைக்காது, டவுன்லோடு பண்ண முடியாது, டிஸ்க்தான் வேண்டும். போய்ச் சேர்ந்தபிறகு கேம் மொக்கையாக இருந்தால் நடுக்கடலில் மாற்றவும் முடியாது. அதனால் ஏறுவதற்கு முன்னாலேயே விளையாடிப் பார்க்க வேண்டும், விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். "ஒங்க மாமா மாதிரி வெவரம் தெரிஞ்ச ஆள நான் எந்தத் துறைமுகத்துலயும் பாக்கல. ஆனா ஆன்லைன்ல வெல கம்மியா இருந்துச்சே."

"வெவரம் ஒரு எடத்துல, வெல ஒரு எடத்துலயா? வெவரத்துக்கு எவன் காசு குடுப்பான்?" என்று கத்தினேன்.  நியாயமாகப் பார்த்தால் இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அப்போது நான் காலில் போட்டிருந்த செருப்பே பார்சலில் வந்ததுதான்.

அந்த வாரம் ஜெமி சமாதானத்துக்குப் படாத பாடுபட்டார். மன்னிப்புக் கேட்கப் போனபோது மாமா பாதி ஷட்டரை இறக்கினார். முந்திரி மக்ரூன் ஒரு டப்பா வாங்கிப் போய் வைத்தார், மாமா அதைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். அலமாரியில் போட்டிருக்கிற விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று நின்றார். நிறைந்து வழிகிற அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஸ்டாக் இல்ல" என்றார் மாமா.

சனிக்கிழமை நெருங்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. மாமா யாரை விரட்டினாலும் போனிக்கு வந்தவரை விரட்ட மாட்டார். காலையில் முதலில் வருகிற கஸ்டமர் வெறுங்கையோடு திரும்பினால் அன்று முழுக்கக் கல்லாவில் காசு விழாது என்பது அவருடைய அசைக்க முடியாத விசுவாசம். முதல் ஆளுக்கு நஷ்டத்துக்குக்கூட விற்றிருக்கிறார். "மாமா கடை திறக்கிறதுக்கு முன்னால நீங்க படியில நிக்கணும். கையில ரொக்கம் இருக்கணும்" என்று ஜெமியிடம் சொன்னேன்.

சனிக்கிழமை ஆபீசுக்குப் பெர்மிஷன் சொல்லிவிட்டு, எதிர்ச்சாரியில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு நானும் பார்த்தேன். மாமா ஷட்டரைத் தூக்கினார், மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார், திரும்பினார். படியில் ஜெமி, கையில் ரூபாய் நோட்டுகள்.

மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. விரட்ட முடியாது, விற்கவும் மனசு இல்லை. ஒரு நிமிடம் தவித்துவிட்டு, ஜெமி அங்கே இல்லவே இல்லை என்பதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் பக்கத்து டீக்கடைக்குப் போனார்.

"வன்னியபெருமாளு, ஒரு பேட்டரி வாங்கிக்கோடே."

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி பேட்டரி?"

"போனிக்குடே. சும்மா வாங்கி வையி."

"சரி, தாங்க. ஸ்கேன் எங்க இருக்கு?"

"என்ட்ட ஏதுடே ஸ்கேன்? ரொக்கமாக் குடு."

வன்னியபெருமாள் கல்லாவைத் திறந்து காட்டினார். "காலையிலருந்து எல்லாவனும் போன்லதான் போடுதான். அஞ்சு பைசா ரொக்கம் கெடையாது அண்ணாச்சி."

மாமா ரோட்டுக்கு வந்தார். காலேஜ் பையன்கள் இரண்டு பேரை மறித்தார். போனை நீட்டினார்கள். வங்கிக்கு வேலைக்குப் போகிற ஒருவரை மறித்தார், அவரும் போனை நீட்டினார். வங்கியில் வேலை பார்க்கிறவர் பையில்கூடக் காசு இல்லை. பட்டன் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊரில் ஒரு ரூபாய் ரொக்கம் தேடி மாமா அலைந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. மொத்தத் தெருவிலும் ரொக்கம் இருந்தது ஜெமியின் கையில் மட்டும்தான்.

அப்போது மீன்காரி எமில்டா அக்கா தலையில் அலுமினியச் சட்டியோடு வந்தாள். அவளிடம் நிச்சயம் ரொக்கம் இருக்கும். மாமா கை தட்டிக் கூப்பிட்டார்.

"ஏளா எமில்டா, ஒரு பேட்டரி வாங்கிக்கோ. கடியாரத்துக்கு ஆவும்."

எமில்டா அக்கா சட்டியை இறக்கிப் படியில் வைத்தாள். "நல்லா இருக்கே! நானே இன்னும் போனி பண்ணல. போனிக்கு முன்னால கைக்காச வெளிய விட்டா நான் வெளங்குவேனா? மொதல்ல நீ மீன் வாங்கு."

"நான் போனி பண்ணாம எப்படிளா காச வெளிய விடுவேன்?"

"அப்ப நான் மட்டும் விடணுமாக்கும்?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே விசுவாசம், அதனால் நகர வழியில்லை. வெயில் ஏறியது. சட்டியில் முரல் மீன், மேலே போட்டிருந்த ஐஸ் கரைந்து படியில் வழிந்தது. மாமா தோற்றுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் எமில்டா அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், மாமாவுக்கு ஜெமியை விட்டால் வேறு கதி இருக்காது. நான் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஜெமி படியிலிருந்து இறங்கினார். "அக்கா, மீன் கெட்டுப் போவப் போவுது. எனக்குக் குடுங்க" என்று காசை நீட்டினார்.

 இந்த ஆளுக்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா? எமில்டா அக்காவுக்குப் போனி ஆகிவிட்டால் அவள் மாமாவிடம் பேட்டரி வாங்கிவிடுவாள். மாமாவுக்குப் போனி ஆகிவிட்டால் ஜெமியை விரட்டிவிடுவார். இது அவருக்குத் தெரியாமல் இருக்காது, அவர்தானே இவ்வளவு நேரமும் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்! தெரிந்தே செய்தார். அவள் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். கூடை இல்லை, பை இல்லை, பழைய செய்தித்தாளில் முரலைச் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டு மறுபடி படியில் ஏறி நின்றார்.

எமில்டா அக்கா நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சில்லறையை எண்ணி மாமா பக்கம் நீட்டினாள். "இந்தா, இப்பக் குடு ஒன் பேட்டரிய."

மாமா அந்தக் காசைப் பார்த்தார். கை நீட்டினால் போதும், எல்லாம் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ காச உள்ள வையி" என்றது மாமாவின் குரல். "மொதல்ல வந்தவன் அங்கன நிக்காம்லா."

எமில்டா அக்கா வெயிலைப் பற்றியும் மாமாவின் மூளையைப் பற்றியும் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். மாமா மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"என்ன வேணும்?"

"நீங்க எதக் குடுத்தாலும் வாங்கிக்கிடுதேன்" என்றார் ஜெமி.

மாமா குனிந்து கீழ்த் தட்டிலிருந்து, மேல் உறைகூடப் பிரிக்காத ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஜெமிக்குப் பார்சலில் வந்த அதே கேம்.

"நீ வெளாண்டு பாத்தது கடைக் காப்பி, அத விக்க முடியாது. ஒனக்குன்னு சென்னைக்குச் சொல்லி வரவழைச்சேன். ரெண்டு நாள்ல வந்துரும்னு ஒங்கிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. சும்மா சொல்லுதீங்கன்னு நெனச்சேன்."

"கடையில எவன்ல சும்மா சொல்லுவான்?"

ஜெமி முழு விலையையும் எண்ணி வைத்தார். மாமா வாங்கி மாதா படத்தின் முன்னால் காட்டிவிட்டுக் கல்லாவில் போட்டார். பிறகு செய்தித்தாளைப் பிரித்து முரலைப் பார்த்தார்.

"இதுக்கா அவ்வளவு குடுத்த? ஒரு வெல கேக்கத் தெரியுமா ஒனக்கு? எங்கிட்ட மட்டும் நல்லா வெல பாத்த!"

"தப்புதான்" என்றார் ஜெமி. "கோவம் போச்சா?"

மாமா என் பக்கம் திரும்பினார். "எத்தனையோ பேரு வாரான், பாக்கான், போறான். திட்டிட்டு நான் பாட்டுக்குச் சோறு திங்கேன். இவனத்தான் என்னால தாங்க முடியல. எனக்கு இவனப் புடிச்சிருந்துச்சிளா. சாயந்தரம் ஆனா வாரானா வாரானான்னு ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒங்க வீட்டுக்கு மாப்பிள்ள வாரான்னு ஒங்க அம்மா கூப்பிட்ட அன்னைக்கும் இவன் வருவான்னுதான் இங்கனயே இருந்தேன்."

அன்று ஜெமி எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அதை மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அவரை இதுவரை கோபக்காரர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.  ஜெமி தலையைக் குனிந்துகொண்டு டிஸ்க்கின் உறையை நகத்தால் பிரித்தார், நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"மாமா, நான் மாட்டிக்கிட்ட அந்தப் பாலம் இன்னும் தாண்டல."

"எந்தப் பாலம்? அதான் அன்னைக்கே சொன்னேன்லா. கொண்டா இங்கன" என்று மாமா கன்ட்ரோலரைப் பிடுங்கினார். முரல் மேசையில் கிடந்தது. அதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் பூசையில் பெர்சி சாமியார் எங்கள் இரண்டாவது ஓலையை வாசித்தார். தடை என்ற சொல் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி மாமாவைப் பார்த்தார். விஷயம் ஊருக்கே தெரிந்திருந்ததால் கோவிலே திரும்பி மாமாவைப் பார்த்தது. மாமா கூரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எந்தக் குறையும் இல்லை, ஜெமியைத்தான் கண்ணால் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் போன் போட்டால் பின்னால் துப்பாக்கிச் சத்தமும், "இடது பக்கம் போடே, இடது பக்கம்!" என்று மாமாவின் குரலும் கேட்கும்.

கல்யாணத்தன்று மாமாவை வீட்டில் காணோம். அம்மா தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அண்ணன் வராமல் கிளம்ப மாட்டேன் என்று கடைசி நிமிடம் வரை பிடிவாதம் பிடித்து, கண் கலங்கித்தான் கோவிலுக்கு வந்தாள். மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. ஜெமிக்குப் பக்கத்தில், அவருடைய அப்பாவையே கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, வெள்ளை வேட்டி சட்டையில் மாமா வந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். கோவில் வாசல் என்றும் பார்க்கவில்லை. "அண்ணே, ஒனக்குக் கிறுக்கா? நீ பொண்ணு வீடு! அங்கன போயி நிக்க?"

மாமா நகரவில்லை. ஜெமியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"ஒங்க வீட்டுக்கு இவன் பெறவுதான வந்தான். என் கடைக்கு மொதல்லயே வந்துட்டான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னது உண்மைதான்.